பதிவுகள் எங்கே காத்திருக்கின்றன?

வலைத்தளங்களுக்கு நிரல் எழுதும் மொழியான பிஎச்பியைக் கற்றுக்கொண்ட நாட்களில் என் கைக்குப் பழகிப்போன முதல் நிரல் துண்டு ஒன்று உண்டு. மேலே க்வெரியை, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை, அனுப்பும் ஒரே ஒரு வரி. கீழே ஒரு வைல் லூப், அதாவது நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதி. லூப்புக்குள் ஃபெட்ச் என்று கூப்பிடக் கூப்பிட, டேபிளில் இருந்து ஒவ்வொரு பதிவாகக் கையில் வந்து விழும். பதிவுகள் தீர்ந்ததும் லூப் நின்றுவிடும். ரோ, ரெக்கார்டு என்று நாம் வாயால் சொல்வதைத்தான் இங்கே பதிவு என்கிறேன்.

அந்த லூப்பைப் பார்க்கிற யார் மனதிலும் ஒரு சித்திரம் விழும். பதிவுகள் எல்லாம் டேட்டாபேஸ் சர்வரில் இருக்கின்றன. நாம் ஃபெட்ச் என்றதும், டேட்டாபேஸோடு பேசித் தரும் லைப்ரரி அங்கே போய் ஒன்றை எடுத்து வருகிறது. மறுபடி கேட்டால் மறுபடி போகிறது. பெயரே அப்படித்தானே இருக்கிறது? ஃபெட்ச் என்றால் போய் எடுத்து வா. பல வருடங்கள் நான் இதை நம்பியே நிரல் எழுதினேன். அது அப்படி இல்லை என்று தெரிய வந்தது, ஓர் அறிக்கைப் பக்கம் விழுந்துபோன நாளில்.

அந்தப் பக்கத்தின் வேலை எளிது. ஒரு வருடத்துப் பரிவர்த்தனைகளை சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தர வேண்டும். உள்ளே இருந்தது மேலே சொன்ன அதே லூப்தான். ஒரு பதிவை எடு, காற்புள்ளி போட்டு எழுது, விட்டுவிடு, அடுத்ததை எடு. எந்த நேரத்திலும் மெமரியில் ஒரு பதிவுக்கு மேல் இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சில வருடங்கள் ஒழுங்காக ஓடிய பக்கம், சர்வரில் பிஎச்பியைப் புதிய பதிப்புக்கு மாற்றிய வாரத்தில் வெள்ளைத் திரை காட்டியது. எரர் லாக்கைத் திறந்தால், அனுமதித்த 134217728 பைட் தீர்ந்துவிட்டது என்று ஒரு வரி. கணக்குப் போட்டால் 128 எம்பி. பிஎச்பி தானாக வைத்திருக்கும் மெமரி வரம்பு அதுதான்.

எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வரம்பை 256 ஆக்கினேன், அப்புறம் 512. ஒரு வாரம் தாங்கியது, பிறகு மறுபடி விழுந்தது. லூப்புக்குள் எதையாவது தெரியாமல் அரேயில் சேர்த்து வைக்கிறேனா என்று வரி வரியாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் அந்த லாக் செய்தியின் கடைசியில் இருந்த வரி எண்ணைப் பார்த்தேன். பிழை லூப்புக்குள் நடக்கவே இல்லை. க்வெரியை அனுப்புகிற வரியில் நடந்திருந்தது. முதல் ஃபெட்ச் கூப்பிடப்படும் முன்பே மெமரி தீர்ந்து போயிருந்தது.

அந்த எண்ணை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதற்கு ஒரே விளக்கம்தான் இருக்க முடியும். க்வெரி வரி முடிவதற்குள் எல்லாப் பதிவுகளும் என் புராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் என் நிரலுக்குள், வந்து குவிந்துவிடுகின்றன. ஃபெட்ச் எங்கும் போகவில்லை. ஏற்கெனவே என் பக்கத்தில் குவிந்து கிடக்கும் குவியலில் இருந்து ஒன்றைக் கையில் எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்த மொழியில், எந்த டிரைவரில் (டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரிக்கு அந்தப் பெயரும் உண்டு) வேலை செய்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: க்வெரி முடிந்து, என் நிரல் இன்னும் படிக்காத பதிவுகள் இந்த நொடியில் எங்கே காத்திருக்கின்றன? டேட்டாபேஸ் சர்வரிலா, நடுவில் நெட்வொர்க்கிலா, என் மெமரியிலா? எங்கோ ஓரிடத்தில் காத்திருந்தே ஆக வேண்டும். அந்த இடத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள, கம்பியில் போகிற பைட்டுகளை ஒருமுறையாவது பார்ப்பது நல்லது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். க்வெரியைப் பெற்றதும் சர்வர் முதலில் இத்தனை புலங்கள் என்று ஓர் எண்ணை அனுப்புகிறது. பிறகு ஒவ்வொரு புலத்துக்கும் அதன் பெயர், வகை, எழுத்துக்குறி முறை. பிறகு பதிவுகள், ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட். கடைசியில் முடிந்தது என்று ஒரு பாக்கெட்.

மூன்று புலங்கள் உள்ள ஒரு பதிவு என்று வையுங்கள். முதல் புலத்தில் 42 என்ற எண், இரண்டாவதில் தமிழ் என்ற சொல், மூன்றாவதில் மதிப்பே இல்லை. பாக்கெட்டின் தலையில் நான்கு பைட். அதில் மூன்று நீளத்தைச் சொல்லும், ஒன்று வரிசை எண். அதற்கப்புறம் 2 என்ற பைட் வருகிறது. அடுத்து இரண்டு எழுத்து இருக்கிறது என்று பொருள். தொடர்ந்து 52, 50. அவை 4, 2 என்ற இலக்கங்களின் ஆஸ்கி குறியீடுகள். அதாவது எண்ணாகச் சேமித்த 42, எழுத்தாக மாறித்தான் கம்பியில் பயணம் செய்கிறது. அடுத்து 15 என்ற பைட். தமிழ் என்ற சொல்லில் ஐந்து யூனிகோடு குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. மூன்றாவது புலத்துக்கு 251 என்ற ஒற்றைப் பைட் மட்டும். மதிப்பு இல்லை என்பதற்கான அடையாளம் அது. எல்லாம் சேர்த்து 24 பைட்.

இந்தப் பாக்கெட்டுகளை அனுப்பும்போது சர்வர் யாருடைய ஃபெட்ச்சுக்கும் காத்திருப்பதில்லை. கிடைத்ததைக் கிடைத்த வேகத்தில் சாக்கெட்டில், அதாவது நெட்வொர்க் இணைப்பின் முனையில், எழுதிக்கொண்டே போகிறது. எதிர்முனையில் யாரும் படிக்காவிட்டால் இரு பக்கத்து ஆப்பரேட்டிங் சிஸ்டம் பஃபர்களும் (தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் மெமரி) நிரம்பும். நிரம்பியதும் சர்வரின் எழுத்து அப்படியே தடைபட்டு நிற்கும். அவ்வளவு எளிய ஏற்பாடு.

ஆகவே லைப்ரரிக்கு முன்னால் இரண்டு வழி. மைஎஸ்கியூஎல்லின் சி மொழி லைப்ரரியில் அவை இரண்டு ஃபங்ஷன்களாகவே இருக்கின்றன. ஸ்டோர் ரிசல்ட் என்பது முடிந்தது என்ற பாக்கெட் வரும்வரை மூச்சுவிடாமல் படித்து, அத்தனையையும் நம் மெமரியில் வைத்துக்கொள்ளும். யூஸ் ரிசல்ட் என்பது எதையும் முன்கூட்டிப் படிக்காது. ஒவ்வொரு ஃபெட்ச்சுக்கும் சாக்கெட்டில் இருந்து ஒரு பாக்கெட்டை இழுக்கும். பிஎச்பியில் இந்த டேட்டாபேஸோடு பேசும் வழிகளான பழைய ஃபங்ஷன்களும், மைஎஸ்கியூஎல்ஐயும், பிடிஓவும், நாம் எதுவும் சொல்லாவிட்டால் முதல் வழியைத்தான் எடுக்கின்றன. என் லூப் அத்தனை வருடமும் பஃபருக்குள் இருந்துதான் படித்திருக்கிறது.

சரி, அப்படியானால் பழைய பிஎச்பியில் எப்படி ஓடியது? இதற்கு விடை கண்டுபிடித்தபோது எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் பயம் வந்தது. பழைய நாட்களில் பிஎச்பி, மைஎஸ்கியூஎல்லின் சி லைப்ரரியோடு இணைத்துத்தான் தொகுக்கப்பட்டது. அந்த லைப்ரரி தனக்கு வேண்டிய மெமரியை நேரடியாக ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் வாங்கிக்கொள்ளும். பிஎச்பியின் வரம்புக் கணக்கில் அது வராது. 2009-இல் வந்த பிஎச்பி 5.3-இல் மைஎஸ்கியூஎல்என்டி என்ற சொந்த டிரைவர் சேர்ந்தது. 5.4-இல் அதுவே இயல்பானது. இந்த டிரைவர் பிஎச்பியின் மெமரி மேலாளர் வழியாகவே இடம் வாங்குகிறது. அதனால் இதுவரை கணக்கில் வராமல் ஒளிந்திருந்த குவியல் திடீரென்று கணக்குக்குள் வந்தது. அதாவது புதிய பதிப்பு எதையும் கெடுக்கவில்லை. என் பக்கம் எத்தனையோ நாளாக நூற்றுக்கணக்கான எம்பி தின்றுகொண்டிருந்ததை முதல்முறையாக எனக்குச் சொன்னது.

ஃபெட்ச்ஆல் என்று எல்லாவற்றையும் ஒரே அரேயாக வாங்கினால் இன்னும் மோசம். கம்பியில் 24 பைட்டாக வந்த நம் பதிவு, 64 பிட் பிஎச்பி 7-இல் புலப் பெயர்களைச் சாவியாக வைத்த ஓர் அசோசியேட்டிவ் அரே ஆகும்போது, அந்த அரேக்கு மட்டும் 376 பைட் வேண்டும். 42 சரமாக வந்தால் அதற்கு 32 பைட், தமிழ் என்ற சொல்லுக்கு 40. கூட்டினால் 448. இருபது மடங்குக்கு அருகில். டேபிள் சிறியது, டிஸ்கில் சில எம்பிதான் என்ற கணக்கு இங்கே உதவாது.

இவ்வளவு சொன்னதால் பஃபர் வழி தப்பு என்று நினைக்க வேண்டாம். அதை இயல்பாக வைத்தவர்கள் நன்றாக யோசித்தே வைத்திருக்கிறார்கள். ஒரு வெப் பக்கம் பொதுவாகக் கேட்பது இருபது, ஐம்பது பதிவுகள். அவை ஒரு மூச்சில் நம்மிடம் வந்துவிட்டால் சர்வர் உடனே விடுபட்டு அடுத்தவரைக் கவனிக்கலாம். மொத்தம் எத்தனை என்று எண்ணலாம், முன்னும் பின்னும் போகலாம், அதே கனெக்‌ஷனில் அடுத்த க்வெரியை அனுப்பலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பக்கங்களுக்கு இதுதான் சரி. மீதி இடங்களில்தான் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

நான் என் அறிக்கைப் பக்கத்தைப் பஃபர் இல்லாத வழிக்கு மாற்றினேன். பிடிஓவில் ஒரு அமைப்பைப் பொய் என்று வைத்தால் போதும். மெமரி உடனே சில எம்பியில் வந்து நின்றது. சந்தோஷம் ஒரு மணி நேரம் நீடித்தது. லூப்புக்குள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் வாடிக்கையாளர் பெயரைத் தேடும் இன்னொரு சிறிய க்வெரி இருந்தது. அது 2014 என்ற பிழை எண்ணோடு விழுந்தது. வேறொரு க்வெரியின் முடிவுகள் இன்னும் படிக்கப்படாமல் இருக்கின்றன, அதனால் இதை ஓட்ட முடியாது என்பது அதன் சாரம். கம்பியை மனதில் வைத்தால் இது ஏன் என்று சட்டென்று விளங்கும். ஒரே சாக்கெட்டில் முதல் க்வெரியின் பதிவுகள் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது, இரண்டாவது க்வெரியின் விடை எந்த இடுக்கில் வரும்? அந்தப் பெயரை, இரண்டு டேபிள்களை இணைக்கும் ஜாயின் போட்டு, முதல் க்வெரியிலேயே வாங்கினேன். முன்பே அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் பாதித்தது. சில வாரங்கள் கழித்து ஒருவர், அறிக்கையின் கூட்டுத்தொகை இடிக்கிறது என்றார். அவர் இறக்கிய கோப்பைத் திறந்தால் ஒழுங்காகத்தான் இருந்தது. தலைப்பு வரி உண்டு, புலங்கள் உண்டு, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் முடிந்திருந்தது. மீதி மாதங்கள் இல்லை.

அவருடைய இணைய இணைப்பு மெதுவானது. எங்கள் அமைப்பில் நடுவில் தேக்கிவைக்க எதுவும் இல்லாததால், அவர் பிரவுசர் வாங்கும் வேகத்தில்தான் பிஎச்பி எழுத முடிந்தது. எழுத முடியாமல் நிற்கும் பிஎச்பி, டேட்டாபேஸ் சாக்கெட்டில் இருந்து படிப்பதில்லை. படிக்காததால் மைஎஸ்கியூஎல்லின் எழுத்தும் தடைபட்டு நிற்கிறது. அப்படி நிற்பதற்கு அது ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது: நெட் ரைட் டைம்அவுட், இயல்பாக 60 நொடி. அது கடந்ததும் கனெக்‌ஷனைத் துண்டித்துவிடுகிறது. என் லூப்புக்கோ, ஃபெட்ச் பொய் என்று சொன்னால் பதிவுகள் தீர்ந்துவிட்டன என்று பொருள். நடுவில் அறுந்ததையும் இயல்பாக முடிந்ததையும் அது ஒரே மாதிரிதான் பார்த்தது. மைஎஸ்கியூஎல்ஐயில் இரண்டுக்கும் வேறு வேறு மதிப்புகள் வருகின்றன. ஆனால் வைல் லூப்பின் நிபந்தனையில் வைத்தால் இரண்டும் பொய்தான்.

பஃபர் வழியில் இந்த ஆபத்து இல்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே க்வெரி வரி வெற்றி என்று திரும்பினால் எல்லாம் வந்து சேர்ந்தாயிற்று. ஒவ்வொன்றாக இழுக்கும் வழிக்கு மாறும்போது, தோல்வி நேரக்கூடிய இடமும் க்வெரி வரியில் இருந்து லூப்புக்குள் நகர்ந்துவிடுகிறது. கோ மொழியின் எஸ்கியூஎல் பேக்கேஜை வடிவமைத்தவர்கள் இதை மனதில் வைத்திருக்கிறார்கள். நெக்ஸ்ட் என்ற லூப் முடிந்த பிறகு, ஏன் முடிந்தது என்று எர் என்ற ஃபங்ஷனைத் தனியாகக் கேட்க வேண்டும். பிறருடைய கோ நிரலைச் சரிபார்க்கும்போது நான் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பிக் கணக்கு முடிக்கும் ஒருவரின் நிலையை நேரில் பார்த்துவிட்டால், அந்த வரியை விட மனம் வராது.

இன்னொரு விலையும் இருக்கிறது. நாம் மெதுவாகப் படிக்கும்வரை சர்வரில் அந்த க்வெரி உயிரோடு இருக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் பழைய சேமிப்பு முறையான மைஐஎஸ்ஏஎம்மில் இருக்கும் டேபிள் என்றால் படிப்பதற்கான பூட்டு விழுந்தே இருக்கும். அதில் எழுத வருகிறவர்கள் எல்லாரும் நமக்குப் பின்னால் நிற்பார்கள். இப்போதைய இயல்பு முறையான இன்னோடிபியில் எழுதுபவர்கள் நிற்க மாட்டார்கள், ஆனால் நாம் ஆரம்பித்தபோது இருந்த பழைய நிலையை நமக்காக அது காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்கு வந்தபோது இதெல்லாம் வேறு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அடிப்படை அதேதான். அதன் சி லைப்ரரியான லிப்பிக்யூ, வழக்கமான அழைப்பில் முழு முடிவையும் சேர்த்துக்கொண்டுதான் திரும்பும். ஒவ்வொரு பதிவாகத் தரும் முறை 2012-இல் வந்த 9.2-இல்தான் சேர்ந்தது. கட்டுக்கட்டாகத் தரும் முறை 2024-இல் வந்த 17-இல். பைத்தானில் சைக்கோபிஜி2 டிரைவரை வைத்து எழுதுகிறவர்கள், ஃபெட்ச்ஆல் கூப்பிடாமல் ஃபெட்ச்மெனி 100 என்று கூப்பிட்டால் மெமரி மிச்சம் என்று நம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மிச்சமாவது பைத்தான் பொருள்கள் மட்டுமே. சாதாரணக் கர்சரில் (க்வெரி முடிவை வரிசையாகப் படிக்க உதவும் பொருள்) எக்ஸிக்யூட் முடிந்தபோதே மூல பைட்டுகள் எல்லாம் வந்துவிட்டன.

அங்கே உண்மையில் உதவுவது பெயர் வைத்த கர்சர். கர்சருக்கு ஒரு பெயர் கொடுத்தால் சைக்கோபிஜி2 அதை சர்வரிலேயே டிக்ளேர் செய்து, லூப்பில் ஓடும்போது 2000 பதிவுகளாக வாங்குகிறது. இப்போது மீதிப் பதிவுகள் சர்வரில் காத்திருக்கின்றன; பெரும்பாலும் இன்னும் கணக்கிடப்படாமலே காத்திருக்கின்றன. நடுவில் அதே கனெக்‌ஷனில் வேறு க்வெரியும் அனுப்பலாம், ஏனென்றால் ஒவ்வொரு கட்டும் தனித்தனிக் கேள்வி, தனித்தனி விடை. கம்பி இடையில் காலியாக இருக்கிறது. ஆனால் டிரான்ஸாக்‌ஷன் (ஒரே வேலையாகக் கருதப்படும் க்வெரிகளின் தொகுப்பு) திறந்தே இருக்க வேண்டும். அது நீளும்வரை வேக்யூம் என்ற துப்புரவு வேலை, அழிக்கப்பட்ட பழைய பதிவுகளைக் கூட்டித் தள்ள முடியாது.

கர்சரில் நான் ரொம்ப நாள் அறியாத ஒரு நுணுக்கமும் உண்டு. கர்சர் என்றால் எல்லாவற்றையும் யாரும் படிக்கப் போவதில்லை என்று போஸ்ட்கிரெஸில் க்வெரியை எப்படி ஓட்டலாம் என்று திட்டமிடும் பிளானர் கருதுகிறது. கர்சர் டியூபிள் ஃபிராக்‌ஷன் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0.1. அதாவது முதல் பத்தில் ஒரு பங்கு சீக்கிரம் கிடைத்தால் போதும் என்று திட்டம் போடுகிறது. முழு டேபிளையும் ஏற்றுமதி செய்யும் என் க்வெரி, கர்சர் வழியாக ஓடும்போது மட்டும் ஏன் இன்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) மேல் நடந்து மெதுவாக முடிகிறது என்று ஒரு முழு மாலை தேடிய பிறகு இது கிடைத்தது. அதை 1.0 ஆக்கியதும் சரியானது.

ஜாவா பக்கம் போனால் ஒரே ஃபங்ஷன் பெயருக்கு மூன்று குணங்கள். செட் ஃபெட்ச் சைஸ், அதாவது ஒரு தடவைக்கு எத்தனை பதிவு வாங்கலாம் என்று சொல்வது. போஸ்ட்கிரெஸ் டிரைவரில், ஒவ்வொரு க்வெரியையும் தானாகவே உறுதிசெய்து முடிக்கும் ஆட்டோகமிட்டை அணைத்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. இல்லையென்றால் எதுவும் சொல்லாமல் முழுவதையும் கொண்டுவந்துவிடும். மைஎஸ்கியூஎல் டிரைவரில் ஒவ்வொன்றாக வேண்டுமென்றால் இன்டீஜரின் மிகச் சிறிய மதிப்பு, அதாவது மைனஸ் 2147483648 என்று கொடுக்க வேண்டும். அது ஓர் அளவு கிடையாது, அடையாளச் சொல். ஆரக்கிள் டிரைவரோ இதற்கு நேர் எதிர். இயல்பாகவே பத்துப் பத்தாகத்தான் வாங்கும். அங்கே மெமரி தீருவதில்லை, நேரம் தீர்கிறது. ஒரு லட்சம் பதிவுக்குப் பத்தாயிரம் முறை போய் வர வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒரு மில்லி நொடி என்றாலும் பத்து நொடி சும்மா நடந்தே கழிகிறது. அளவை 500 ஆக்கினால் 200 பயணம், 0.2 நொடி. நான் நிரலில் தொட்டதிலேயே ஒரே ஓர் எண்ணை மாற்றி இவ்வளவு பலன் பார்த்தது இங்கேதான்.

எஸ்கியூலைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சர்வர் இல்லை, கம்பி இல்லை. ஸ்டெப் என்று கூப்பிட்டால் அடுத்த பதிவை அப்போதுதான் கணக்கிட்டுத் தருகிறது. என் பழைய மனச்சித்திரம் அச்சு அசலாகப் பொருந்துகிற இடம் அது ஒன்றுதான்.

ஓஆர்எம், அதாவது பதிவுகளை நிரல் பொருள்களாக மாற்றித் தரும் அடுக்கு, வைத்து எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் எட்டாத தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அடியில் இருப்பது அதே டிரைவர். பைத்தானில் எழுதிய ஜாங்கோவின் இட்டரேட்டர், 2017-இல் வந்த 1.11-இல் இருந்து போஸ்ட்கிரெஸில் சர்வர் கர்சரைப் பயன்படுத்துகிறது. மைஎஸ்கியூஎல்லில் அதே இட்டரேட்டரைக் கூப்பிட்டாலும் டிரைவர் முழுவதையும் மெமரியில் ஏற்றிவிடுகிறது. பிஎச்பியில் எழுதிய லாராவெலின் கர்சர் ஒரு நேரத்தில் ஒரு மாடல் பொருளைத்தான் உருவாக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் கீழே பிடிஓவின் பஃபரில் அத்தனை பதிவும் கிடக்கிறது. லாராவெலின் ஆவணமே இதைத் தெளிவாகச் சொல்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு. மேலடுக்கில் ஒன்றொன்றாக வருவதைப் பார்த்துவிட்டு கீழேயும் அப்படித்தான் என்று முடிவு கட்டுவது, நான் அந்த வைல் லூப்பைப் பார்த்து முடிவு கட்டியதற்கு ஒப்பானது.

எங்கே காத்திருக்கின்றன என்பதைப் போலவே, கைக்கு வரும்போது என்ன உருவில் வருகின்றன என்பதும் கவனிக்க வேண்டியது. 42 எழுத்தாகத்தான் பயணம் செய்கிறது என்று பார்த்தோம். அதைத் திரும்ப எண்ணாக்குவது லைப்ரரியின் விருப்பம். பிடிஓ, எமுலேட் செய்த பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட்டுகளில் (க்வெரிக்குள் மதிப்புகளைச் சர்வருக்குப் பதில் பிடிஓவே பொருத்துபவை) பிஎச்பி 8.1 வரும்வரை சரமாகவே கொடுத்தது. பிறகு எண்ணாகக் கொடுக்கிறது. அதை ஜேசனாக்கி அனுப்பினால் மறுமுனையில் ஜாவாஸ்கிரிப்ட்டில் இதன் விளைவு தெரியும். சுழியம் சரமாக வந்தால் அங்கே அது மெய், எண்ணாக வந்தால் பொய். ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓட்டும் நோடின் போஸ்ட்கிரெஸ் டிரைவர் 64 பிட் எண்களை வேண்டுமென்றே சரமாகத் தருகிறது. பலரும் இதைக் குறை என்கிறார்கள். 9007199254740991-ஐத் தாண்டிய முழு எண்களை ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகை துல்லியமாகத் தாங்காது. சரமாகத் தருவதால்தான் ஓர் ஐடி இன்னொரு ஐடியாக மாறாமல் தப்பிக்கிறது.

இரண்டு டேபிளை ஜாயின் செய்யும்போது இரண்டிலும் ஐடி என்று ஒரு புலம் இருந்தால், பெயரை வைத்து எடுக்கும் அரேயில் பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடும். கம்பியில் இரண்டும் வந்தன, அரேயில் ஒன்றுதான் மிஞ்சியது. நட்சத்திரம் போட்டு எல்லாப் புலங்களையும் கேட்கும் பழக்கத்தை நான் விட்டது இதனால்தான்.

தமிழில் எழுதும் தளங்களை நடத்துகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கனெக்‌ஷனின் எழுத்துக்குறி, தமிழ் எழுத்துகள் இல்லாத லத்தீன்1 என்று இருந்தால், டேபிளில் சரியாக இருக்கும் தமிழ் எழுத்துகளை சர்வர் அனுப்பும் முன் லத்தீன்1-க்கு மாற்றப் பார்க்கும். மாற்ற முடியாதவற்றுக்குக் கேள்விக்குறி போட்டு அனுப்பும். திரையில் கேள்விக்குறிகள் மட்டும் தெரியும்போது டேட்டா போய்விட்டது என்று பதற வேண்டாம், டிஸ்கில் அது பத்திரமாக இருக்கலாம். ஆனால் அந்தத் திரையில் இருக்கும் எடிட் படிவத்தைத் திறந்து சேமி என்று அழுத்திவிட்டால், கேள்விக்குறிகளே டேபிளுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் பேக்கப்பில் இருந்துதான் மீட்க முடியும். முதலில் கனெக்‌ஷனை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள், பிறகு எதையும் தொடுங்கள்.

அந்த அறிக்கைப் பக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். பஃபர் இல்லாத வழியையும் கைவிட்டேன். கடைசியாகப் படித்த ஐடியை நினைவில் வைத்து, அதைவிடப் பெரிய ஐடிகளில் முதல் ஆயிரம் என்று கேட்கிறேன். வந்த ஆயிரத்தை எழுதிவிட்டு மறுபடி கேட்கிறேன். ரூபி மொழியில் எழுதிய ரெயில்ஸின் ஃபைண்ட் ஈச்சும் இந்த வழியைத்தான், அதே ஆயிரம் கணக்கில் பின்பற்றுகிறது. இத்தனை பதிவைத் தாண்டு என்று ஆஃப்செட் போட்டால், தாண்டிப் போகும் பதிவுகளையும் சர்வர் ஒவ்வொரு முறையும் படித்துத் தூக்கிப்போட வேண்டும். ஐடியை வைத்துக் கேட்டால் இன்டெக்ஸில் நேராகப் போய் இறங்கும். ஒவ்வொரு க்வெரியும் சில மில்லி நொடியில் முடிவதால் வாங்குபவர் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் சர்வருக்குக் கவலை இல்லை. இதற்கும் விலை உண்டு. ஆயிரத்துக்கும் அடுத்த ஆயிரத்துக்கும் நடுவில் யாராவது ஒரு பதிவைத் திருத்தினால், கோப்பு ஒரே கணத்தின் படமாக இருக்காது. என் அறிக்கை முடிந்துபோன மாதங்களைப் பற்றியது என்பதால் இதை ஏற்றுக்கொண்டேன். அன்றைய இருப்பைக் காட்டும் அறிக்கை என்றால் ஏற்றிருக்க மாட்டேன், கர்சருக்கும் டிரான்ஸாக்‌ஷனுக்கும்தான் போயிருப்பேன். கோப்பின் கடைசி வரியில் மொத்தம் இத்தனை பதிவுகள் என்று ஓர் எண்ணும் இருக்கிறது. அந்த வரி இல்லாத கோப்பு முழுமையானதில்லை என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.

புதிதாக ஒரு டிரைவர் கைக்கு வந்தால் நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஆவணத்தைப் படிப்பதைவிட இதில் சீக்கிரம் தெளிவு கிடைக்கும். சாக்கெட் பஃபர்களில் அடங்காத அளவுக்குப் பெரிய டேபிளில் ஒரு செலக்ட் எழுதுங்கள். க்வெரி வரிக்கும் முதல் ஃபெட்ச்சுக்கும் நடுவில் முப்பது நொடி ஸ்லீப் வையுங்கள். ஓட்டிவிட்டு, அந்த முப்பது நொடிக்குள் இரண்டு ஜன்னல்களைப் பாருங்கள். ஒன்றில் உங்கள் புராசஸின் மெமரி. இன்னொன்றில் டேட்டாபேஸின் புராசஸ் பட்டியல். மெமரி ஏறி, பட்டியலில் உங்கள் கனெக்‌ஷன் ஸ்லீப் என்று சும்மா இருந்தால் பதிவுகள் உங்களிடம் வந்துவிட்டன. மெமரி அசையாமல், மைஎஸ்கியூஎல்லில் சென்டிங் டு கிளையன்ட் என்றோ போஸ்ட்கிரெஸில் கிளையன்ட் ரைட் என்றோ நின்றால், சர்வர் அடுத்த பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் படிப்பதற்காக நிற்கிறது. போஸ்ட்கிரெஸில் மெமரியும் ஏறாமல், கனெக்‌ஷனும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் சும்மா இருப்பதாகக் காட்டினால் அது கர்சர். முதல் ஃபெட்ச்சுக்காக இன்னும் எதுவுமே கிளம்பவில்லை.